சில்லறை மந்திரம்

ஜூன் 3

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நல்லபடியாக மலை மேல் வந்து சேர்ந்தேன். நீயும் உன் மனைவியும் சௌக்கியமா? கழுத்துப் பிடிப்பு விட்டதா, இன்னும் தலையைத் திருப்ப உடம்போடு சேர்ந்து திரும்புகிறாயா?

வானிலை நிலையம் என்றால் ஏதோ பெரிய கட்டடம் என்று நினைத்து வந்தேன். இரண்டு அறை, ஒரு தகரக் கொட்டகை, கம்பி வேலிக்குள் ஒரு மழைமானி, காற்றை அளக்கச் சுற்றும் மூன்று கிண்ணங்கள், வெப்பமானி வைத்த வெள்ளைப் பெட்டி. அவ்வளவுதான். மூன்று மணிக்கு ஒருமுறை போய் எண்களைக் குறித்து வர வேண்டும். துணைக்கு ஒரு ரேடியோக்காரர். நான் குறித்ததைக் கீழே இருப்பவர்களுக்கு வாசித்துச் சொல்வார். மற்ற நேரம் வாயைத் திறப்பதில்லை. கைபேசி இங்கே மணி பார்க்க மட்டும்தான் உதவும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை சாமான் ஜீப் வரும். கடிதம் வருவதும் போவதும் அதில்தான்.

ஆகவே நம் ஞாயிற்றுக்கிழமைக் கதை ஆட்டத்தைக் கடிதத்திலேயே தொடரலாம். நீ வழக்கம்போல் பூட்டுத் திறக்கிற ‘தாழ்ப்பாள்’ என்ற பாத்திரம். நான் வழக்கம்போல் கதை நடத்துகிறவள். உன் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படிப்பாள் என்பது தெரியும், அவளுக்காக விதியையும் எழுதிவிடுகிறேன். அம்மா மகராசி, கேட்டுக்கொள். உன் புருஷன் ஏதாவது செய்யப் போகிறேன் என்று சொன்னால் மட்டும் காரியம் ஆகிவிடாது. இருபது பக்கப் பகடையை உருட்ட வேண்டும். அது அவனுக்குக் கைவந்த வேலை என்றால், வந்த எண்ணோடு கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம். பூட்டுத் திறப்பதில் தாழ்ப்பாளுக்கு எட்டு. பேச்சில் ஒன்று கழித்தல், ஆள் அப்படி. மொத்தம் பதினைந்தைத் தொட்டால் வென்றான், இல்லையென்றால் தோற்றான். இதுதான் திறன் சோதனை. இதோடு அவனுக்கு எப்போதும் தீராத சில்லறை மந்திரம் மூன்று தெரியும்: விரல் நுனியில் வெளிச்சம் வரவழைப்பது, கிழிந்ததை ஒட்டுவது, ஒரு தண்ணீர்ச் செம்பு கனத்துக்குள் எதையும் தூக்கிவரும், கண்ணுக்குத் தெரியாத ‘காணாக்கை’.

கதை இது. ஊரார் மறந்துபோன ஒரு கோபுரம். அதில் ஏழு கதவுகள். ஏழாவதற்குப் பின்னால் வரைபடம் வரைகிற ஒருத்தியை அடைத்து வைத்திருக்கிறார்கள். நீ முதல் கதவின் முன்னால் நிற்கிறாய். என்ன செய்கிறாய்?

பகடையை நீயே உருட்டி எண்ணை எழுது. நம்புகிறேன்.

சளி பிடிக்காமல் இருக்கட்டும் என்று வேண்டும்,
அக்கா


ஜூன் 17

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி வணக்கம். இங்கே எல்லாரும் நலம். கழுத்து சரியாகிவிட்டது. உன் உதடு குளிரில் வெடிக்கும், எண்ணெய் தடவிக்கொள்.

பல் பட்டறையில் வேலை குவிந்து கிடக்கிறது. முதலாளியம்மா புது உலை வாங்கியிருக்கிறார். பீங்கான் பல் வேகும்போது அதன் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிடுகிறார், சமையலை நம்பாத மாமியார் மாதிரி. நான் என் மூலையில் மெழுகில் கடைவாய்ப் பல் செதுக்குகிறேன். வழக்கமான வேலைதான்.

வீட்டுக்காரிக்கு விதி புரிந்துவிட்டதாம். “கார் ஓட்டக் கத்துக்கிட்டு டெஸ்ட்ல ஃபெயிலாறவங்களுக்கும் இப்படி எட்டு குடுத்தா நல்லா இருக்கும்” என்கிறாள். நேற்று அவளிடம் கார் ஓட்டப் பழகுகிற ஒருவர் பிரேக் என்று நினைத்து ஆக்ஸிலேட்டரை மிதித்து ஒரு புதருக்குள் வண்டியை விட்டுவிட்டார். இவளிடம் ஒரு கீறல் இல்லை. புதர்தான் பாவம்.

தாழ்ப்பாள் முதல் கதவைக் காணாக்கையால் திறக்கிறான். மந்திரத்துக்கு எட்டு சேராது என்று தெரியும். பதினாறு விழுந்தது. திறந்ததா?

எழுத்துக் கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். பேனா சரியில்லை.

உன் பதிலைப் பார்த்திருக்கும்,
தம்பி


ஜூலை 2

அன்புத் தம்பி,

நான் நலம். உதட்டுக்கு எண்ணெய் தடவினேன், ரேடியோக்காரர் ஓரக்கண்ணால் பார்க்கிறார். நீங்கள் இருவரும் நலம்தானே?

இருபத்தெட்டாம் தேதி ஒரே நாளில் மழைமானி நிரம்பி வழிந்தது. எவ்வளவு பெய்தது என்று எழுத முடியாமல் ‘நிரம்பியது’ என்று எழுதினேன். கீழே இருந்து அதற்கு ஒரு திட்டு வந்தது.

கதவு திறந்தது. இரண்டாம் கதவு கொஞ்சம் துருப்பிடித்தது. ஒன்று கேட்கிறேன். உன் விரலுக்கு எட்டு வைத்துக்கொண்டு எதற்குக் காணாக்கையை அனுப்புகிறாய்? ஒரு ஏழு விழுந்தாலே உன் விரல் திறந்துவிடும். போன வருஷம் ஒரு பூட்டை மந்திரத்தால் திறக்கலாமே என்று நான் சொன்னதற்கு, “அது அவமானம்” என்று அரைமணி நேரம் சண்டை போட்டவன் நீ.

பேனாவை மாற்று. உன் கடிதத்தை ஜன்னலோரம் வைத்துப் படிக்க வேண்டியிருந்தது.

வேளைக்குச் சாப்பிடச் சொல்லும்,
அக்கா


ஜூலை 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். உன் நலத்துக்கு உன் கடிதத்தின் நீளமே சாட்சி. இதைப் பட்டறைக் கணினியில் தட்டி அச்செடுத்தேன். ஜன்னலோரம் போகாமலே படிக்கலாம்.

இரண்டாம் கதவுக்கும் காணாக்கைதான். ஒன்பது. தோற்றேன். என்ன ஆயிற்று என்று எழுது, ஏற்றுக்கொள்கிறேன். இன்னொரு தரம் முயன்றேன், பதினெட்டு. மூன்றாவதற்கும் அதேதான், பதினைந்து, மயிரிழையில் தப்பினேன். நடுவில் தாழ்ப்பாள் ஓய்வெடுக்க உட்கார்ந்தான். காணாக்கை அவனுக்குக் குடுவையிலிருந்து தண்ணீர் ஊற்றிக் கொடுத்தது. அங்கியின் பொத்தான்களையும் அதுவே போட்டுவிட்டது. இதற்கெல்லாம் பகடை வேண்டாமே?

பட்டறையில் டீ குடிப்பதை விட்டுவிட்டேன். வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை. வேறு புதிதாக எதுவும் இல்லை.

அன்புடன்,
தம்பி


ஜூலை 31

அன்புத் தம்பி,

சுகம்தான். உங்கள் சுகத்துக்கு எழுது. டீயை விட்டாயா? நாளுக்கு ஆறு டம்ளர் குடிக்கிறவன். நம்ப முடியவில்லை.

நீ தோற்றதற்குத் தண்டனையாக இரண்டாம் கதவுக்குப் பக்கத்திலிருந்த மணி அடித்துவிட்டது. கோபுரத்துக் காவலாளி விழித்துவிட்டான். எட்டைக் கூட்டியிருந்தால் அந்த ஒன்பதே பதினேழு. மணி அடித்திருக்காது.

நோகாமல் ஆடப் பார்க்கிறாய். பொத்தானுக்குக்கூட மந்திரமா? கதை நடத்துகிறவளுக்கு இதெல்லாம் கண்ணில் படாதா? நான்காம் கதவு கருங்கல். அதன் பக்கத்தில் எந்த மந்திரமும் செல்லாது. வெளிச்சம் அணைந்துவிட்டது, காணாக்கை கரைந்துவிட்டது. துளை மெல்லியது, உன் விரல் பிடித்த கம்பி மட்டும்தான் நுழையும். இப்போது திற பார்ப்போம்.

ஆவலோடு,
அக்கா


செப்டம்பர் 1

தம்பி,

இரண்டு ஜீப் வந்து போய்விட்டது. உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லையே? அவளுக்கு ஒன்றும் இல்லையே?

ஆட்டத்தில் கோபம் என்றால் திட்டி எழுது. திட்டினால் இருக்கிறாய் என்றாவது தெரியும். ஜீப் சத்தம் கேட்டதும் நான் வெளியே ஓடுவதைப் பார்த்து, ரேடியோக்காரர் முதல்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார். “வரும்மா, மழையில பாதை சரியில்ல” என்றார். பாதை சரியாகத்தான் இருக்கிறது. மழையை அளப்பவள் நான்.

கவலையோடு,
அக்கா


செப்டம்பர் 13

அண்ணிக்கு வணக்கம்.

உங்கள் தம்பி மனைவி எழுதுகிறேன். இவ்வளவு நாள் தோளுக்குப் பின்னால் நின்று படித்தவள் முன்னால் வந்து எழுதுவதைத் தப்பாக நினைக்காதீர்கள். நீங்கள் நலமாக இருக்க வேண்டும். நாங்கள் நலம் என்று எழுதக் கை வரவில்லை.

உங்கள் கடைசி இரண்டு கடிதங்களும் அவர் பையில் இருந்தன. கூடவே ஏழெட்டு வெள்ளைத் தாள், கசக்கி, உருட்டி. ஒவ்வொன்றிலும் ‘அன்புள்ள அக்காவுக்கு’ என்று மட்டும் எழுதியிருந்தது. அந்த இரண்டு சொல்லையும் பார்த்தால் ஓடுகிற வண்டியில் உட்கார்ந்து எழுதின மாதிரி இருந்தது.

அவர் கை நடுங்குகிறது அண்ணி. வலது கைதான் அதிகம். சட்டை போடுவதை விட்டுவிட்டு பனியன் துணிச் சட்டையாகப் போடுகிறார், அதற்குப் பொத்தான் கிடையாது. குழம்பை ஸ்பூனில் எடுப்பதில்லை. நான் சமையலறைக்குள் போகும் நேரம் பார்த்துத் தண்ணீர் குடிக்கிறார். போன மாதம் பட்டறையில் முடித்து வைத்த மூன்று பீங்கான் பல்லைச் சேர்த்துச் செய்த ‘பாலம்’ ஒன்றைக் கீழே போட்டுவிட்டார் என்று அங்கே வேலை செய்கிற பெண் சொன்னாள். அவர் என்னிடம் சொல்லவில்லை.

நானும் கேட்கவில்லை. அதுதான் என் தப்பு. என்னிடம் வண்டி ஓட்டப் பழகுகிறவர்களுக்கு முதல் வாரம் கிளட்ச் மேல் கால் நடுங்கும். நான் பார்க்காத மாதிரி ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பேன். கொஞ்ச நேரத்தில் தானாக நின்றுவிடும். பார்த்தால்தான் அதிகமாகும். வீட்டிலும் அதையே செய்தேன். நாலு மாதமாக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருக்கிறேன். நிற்கவில்லை.

நேராகக் கேட்டால் இல்லை என்று சொல்லிவிடுவார். ஒருமுறை சொல்லிவிட்டால் அப்புறம் அந்த இல்லையைக் காப்பாற்ற இன்னும் பாடுபடுவார்.

அந்தக் கருங்கல் கதவை நீங்களே திறந்துவிடக் கூடாதா? ஆட்டம்தானே என்பீர்கள். அவர் அதை அப்படி எடுத்துக்கொள்ளவில்லை.

மரியாதையுடன்,
உங்கள் தம்பி மனைவி


செப்டம்பர் 29

என் தம்பிக்கு,

உன் மனைவி எழுதினாள். அவளைக் கோபிக்காதே. இந்தத் தடவை நலமா என்று கேட்கப் போவதில்லை. எனக்குத் தெரியும்.

உன் கடிதங்களை எடுத்துத் தேதி வரிசையில் வைத்துப் படித்தேன். பேனா, டீ, தண்ணீர், பொத்தான். எல்லாவற்றையும் நீ எழுதித்தான் இருக்கிறாய். நான்தான் விதிப்புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மே மாதம் என்னை வழியனுப்ப வந்தாயே, பஸ் ஜன்னல் வழியாகத் தண்ணீர் பாட்டிலை நீட்டினாய். உன் கை நடுங்கியதைப் பார்த்தேன். குளிர் என்று நினைத்துக்கொண்டேன். அன்று குளிரே இல்லை. வானிலை பார்த்துச் சம்பளம் வாங்குகிறவளுக்கு அது தெரியாதா? தெரியும். பெரிய மாமா ஞாபகம் வந்தது. அதனால் குளிர் என்று வைத்துக்கொண்டேன்.

உனக்கும் மாமா ஞாபகம்தான் என்று நினைக்கிறேன். அவருக்குக் கட்டைவிரலில் நடுக்கம் தொடங்கி, கடைசியில் அத்தை ஊட்டிவிட வேண்டியிருந்ததே, நாம் இரண்டு பேரும் அதைப் பார்க்காமல் தட்டைப் பார்த்துச் சாப்பிட்டோமே. அதுதானா இது என்று எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது. தெரிந்தவர்களிடம் போ. அவளைக் கூட்டிக்கொண்டு போ.

கதவைத் திறந்து வைக்க எனக்கு ஒரு வரி போதும். அதைச் செய்ய மாட்டேன். செய்தால் என் கதவு எதையும் நீ இனி நம்ப மாட்டாய். ஆனால் மந்திரம் செல்லாது என்ற விதியை எடுத்துவிட்டேன். அது கோபுரத்தில் இருந்த விதி இல்லை, உன்னை மடக்க நான் போட்டது. விரலோ, காணாக்கையோ, உன் இஷ்டம். திறக்காமல் அங்கேயே உட்கார்ந்திருந்தாலும் சரி. தாழ்ப்பாளுக்கு அவசரம் இல்லை.

மன்னித்துக்கொள்.
அக்கா


அக்டோபர் 28

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு ஜீப்பைத் தவறவிட்டேன். காரணம் கீழே. நீ குளிருக்குக் கம்பளி சேர்த்துக்கொண்டாயா?

உன் கடிதத்தை அவளிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன். படித்துவிட்டுக் கார் சாவியை எடுத்தாள். பாதி வழியில் சிக்னல் போட்டு ஓரமாக நிறுத்தினாள். எவ்வளவு அவசரத்திலும் சிக்னல் போடாமல் நிறுத்த மாட்டாள்.

“எங்கிட்ட ஏன் சொல்லல?” என்றாள்.

“சொன்னா நீ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயிடுவியேன்னுதான்.”

“இப்ப எங்க போறோம்னு நினைக்கிற?”

அப்புறம் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதாள். அவள் முதுகில் கையை வைத்தேன். அது நடுங்கிக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

டாக்டர் வயதில் சின்னவர். கையை மடியில் வைக்கச் சொன்னார், நீட்டச் சொன்னார், மூக்கைத் தொடச் சொன்னார், இரண்டு கோப்பை கொடுத்துத் தண்ணீரை மாற்றி ஊற்றச் சொன்னார். பாதித் தண்ணீர் மேஜையில். பிறகு ஒரு தாளைக் கொடுத்து நடுவிலிருந்து நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் வரையச் சொன்னார். இருபது வருஷமாகக் கடைவாய்ப் பல்லின் குழியும் மேடும் செதுக்கியவன் நான். என் சுருளைப் பார்த்தால் முள்ளுக்கம்பிச் சுருள் மாதிரி இருந்தது. தாளைத் திருப்பி வைத்துவிட்டேன். இவள் எடுத்து நேராக வைத்தாள்.

மாமாவுக்கு வந்தது இல்லையாம் அக்கா. மாமா கை மடியில் சும்மா இருக்கும்போதுதான் ஆடும், நினைவிருக்கிறதா? எனக்கு மடியில் நின்றுவிடுகிறது, வேலை செய்யும்போது வருகிறது. இது வேறு. ஏன் வருகிறது என்று சொல்ல முடியாது, உயிருக்கு ஒன்றும் இல்லை, முழுசாகப் போகவும் போகாது என்றார். மாத்திரை கொடுத்தார். இரண்டு வாரம் பார்த்துவிட்டு அளவை மாற்றினார், அதற்காகத்தான் காத்திருந்தேன். இப்போது கொஞ்சம் பரவாயில்லை. டம்ளரை இரண்டு கையால் பிடித்தால் டீ சிந்தாமல் வாய்க்கு வருகிறது. மெழுகுக் கத்தி மட்டும் கேட்க மாட்டேன் என்கிறது. அதை இன்னும் முதலாளியம்மாவிடம் சொல்லவில்லை.

நான்காம் கதவை விரலால்தான் முயன்றேன். நான்கு விழுந்தது. எட்டும் சேர்த்துப் பன்னிரண்டு. திறக்கவில்லை. என்ன நடக்கிறது என்று எழுது.

அவள் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொல்கிறாள்.

தம்பி


நவம்பர் 12

என் தம்பிக்கு,

உன் கடிதத்தை வெள்ளைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றே படித்தேன். அந்த மூன்று மணி அளவைப் பத்து நிமிஷம் தாமதமாகக் குறித்தேன். ரேடியோக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தார். கம்பளி மூன்று இருக்கிறது. மாத்திரையை வேளை தவறாமல் போடு. சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று அவளைக் கேட்டுக்கொள், உனக்கு மறந்திருக்கும்.

கதவு திறக்கவில்லை. உன் கம்பி துளைக்குள் முறிந்துவிட்டது. அந்தச் சத்தத்தில் மேலே இருக்கிற வரைபடக்காரி விழித்துக்கொண்டாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு யாரோ வந்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சுவரைத் தட்டுகிறாள். அதே நேரம் படியில் காவலாளியின் காலடி. கையில் சாவிக்கொத்து. ஒளிய இடம் இல்லை. பேசித்தான் ஆக வேண்டும். பேச்சில் உனக்கு ஒன்று கழித்தல். பார்த்து உருட்டு.

முதலாளியம்மாவிடமும் பேசு. அதற்கு நான் எண் எதுவும் வைக்கவில்லை.

அணைத்துக்கொள்ளும்,
அக்கா


டிசம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

எல்லாரும் சுகம். மெய்யாகவே. உன் ஊரில் பனி கொட்டுகிறது என்று வானொலியில் சொன்னார்கள். அதில் சொன்ன குளிர் அளவு நீ குறித்ததுதான் என்று இவள் சத்தமாக வைத்தாள்.

காவலாளியிடம் ஐந்து விழுந்தது. ஒன்று போக நான்கு. வசமாக மாட்டிக்கொண்டேன். இனி உன் பாடு.

முதலாளியம்மாவிடம் பேசினேன். பகடை இல்லாததால் அதைவிடக் கஷ்டமாக இருந்தது. உலை முன்னால் உட்கார்ந்திருந்தார். என் கையைப் பற்றிச் சொன்னேன், டாக்டர் சொன்னதைச் சொன்னேன், இனி மெழுகு செதுக்க முடியாது என்று சொன்னேன். அவர் திரும்பவே இல்லை.

“தெரியும்” என்றார். “நாலஞ்சு மாசமா நீ போனதுக்கப்புறம் உன் மெழுகை நான்தான் சரி பண்றேன்.”

“ஏம்மா சொல்லல?”

“நீ சொல்வேன்னு பார்த்தேன்.” உலைக்குள் எட்டிப் பார்த்தார். “கண்ணு நடுங்குதா?”

“இல்லம்மா.”

“அப்ப கண்ணை வச்சு வேலை செய். நிறம் பார்க்க எனக்கு ஆள் இல்ல.”

பல் கட்டிக்கொள்ள வருகிறவர்களுக்கு, மற்ற பற்களோடு ஒத்துப்போகிற நிறத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் அந்த வேலை. வெள்ளை என்று நாம் சொல்வதில் பதினாறு வகை இருக்கிறது. ஒரு தகட்டில் கோத்த மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாக வாயருகே பிடித்து, பகல் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கஷ்டம் என்னவென்றால் எதிரே ஒரு மனுஷன் உட்கார்ந்திருப்பார். அவரிடம் பேச வேண்டும். இருபது வருஷமாக நான் பார்த்ததெல்லாம் பிளாஸ்டரில் எடுத்த வாய்தான். அது பேசாது.

நேற்றுத்தான் முதல் ஆள் வந்தார். பாட்டுச் சொல்லிக் கொடுக்கிற அம்மா, ஐம்பது வயதிருக்கும். படியில் விழுந்து முன்பல் பாதி உடைந்திருக்கிறது. உள்ளே வந்ததிலிருந்து வாயைக் கையால் மூடிக்கொண்டே பேசினார். ஜன்னலோரம் உட்கார வைத்தேன். என்ன சொல்வதென்று முந்தின நாளே இவளிடம் நாலு முறை ஒத்திகை பார்த்திருந்தேன். அத்தனையும் மறந்துபோயிற்று.

“கொஞ்சம் கையை எடுங்கம்மா” என்றேன்.

எடுக்கவில்லை. “ஒரு மாசமா வகுப்பே எடுக்கல” என்றார் விரல்களுக்குள்ளிருந்து.

நான் மாதிரியை எடுத்தேன். கை ஆடியது. மாத்திரை போட்டும் ஆடியது. அந்தச் சின்னப் பல் அவர் கண் முன்னால் தட்டாம்பூச்சி மாதிரிப் பறந்துகொண்டிருந்தது. மறைக்க இடம் இல்லை.

“என் கை நடுங்கும்மா. அது அப்படித்தான். பயப்படாதீங்க, கண்ணு நல்லாத் தெரியும்.”

அவர் என் கையைப் பார்த்தார். பிறகு வாயை மூடியிருந்த கையை எடுத்து, அந்தக் கையாலேயே என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். இறுக்கி இல்லை, பஸ்ஸில் கம்பியைப் பிடிக்கிற மாதிரி.

“இப்பப் பாருங்க” என்று சொல்லி வாயைத் திறந்தார்.

நான்கு மாதிரிகளைப் பிடித்துப் பார்த்துத் தள்ளிவிட்டேன். ஐந்தாவதைப் பக்கத்துப் பல்லோடு சேர்த்து வைத்தபோது, எது அவருடையது, எது என்னுடையது என்று எனக்கே தெரியவில்லை.

உன்
தம்பி